புரொஜெக்‌ஷன் டிவி பழுதானால்: நாமே பிரிப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா, கழித்துவிடுவதா?

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் ஊர் மன்றங்களிலும் பீரோ மாதிரித் தரையில் நிற்கும் புரொஜெக்‌ஷன் டிவி இன்னும் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த டிவி என்பதால், பழுதானாலும் தூக்கிப் போட மனசு வருவதில்லை. உடனே எழும் கேள்வி, "செலவு எவ்வளவு ஆகும்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எது போயிருக்கிறது?" என்பதே. இந்த டிவியில் ஒரு பாகம் போனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாமே முடித்துவிடலாம். இன்னொரு பாகம் போனால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் வந்தாலும் பணம்தான் விரயம். ஆகவே கீழே உள்ள ஒப்பீட்டைப் பழுதை வைத்தே செய்திருக்கிறோம்.

உங்கள் டிவி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேல் மூடிக்குள்ளோ முன் பலகைக்குப் பின்னாலோ மூன்று பெரிய லென்சுகள் வரிசையாகத் தெரிந்தால் அது டியூப் வகை. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கொரு பிக்சர் டியூப் உள்ளே உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடினால், "லேம்ப்" என்று விளக்கு சிமிட்டினால், அது லேம்ப் வகை. டிஎல்பி, எல்சிடி இரண்டும் இதில் அடக்கம். இரண்டு வகையும் இன்று உற்பத்தியில் இல்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 இறுதியில் நிறுத்திவிட்டது. ஆக, கிடைக்கிற பாகம் எதுவானாலும் பழைய இருப்பாக இருக்கும், அல்லது நகலாக இருக்கும். எந்த முடிவை எடுத்தாலும் இதை மறக்கக் கூடாது.

காசு செலவில்லாத ஒரு மணி நேரம்

"படம் மங்கிவிட்டது, டியூப் போய்விட்டது" என்று முடிவுகட்டும் முன் உள்ளே இருக்கும் தூசியைப் பாருங்கள். ஆடிக் காற்று அடிக்கும் ஊரில் பத்து வருஷம் பின்மூடி திறக்காத டிவிக்குள் லென்சின் மேல் மாவு தூவினது போல மண் படிந்திருக்கும். வெளிச்சத்தில் பெரும் பங்கை அதுவே விழுங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு லென்சுகளை மென்மையான தூரிகையால் தட்டி, கண்ணாடி துடைக்கும் நுண்ணிழைத் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கலாம்.

படத்தைத் திரைக்குத் திருப்பிவிட உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடி விஷயத்தில் மட்டும் கை அடங்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்னால் இருக்கும். இதற்கு ரசப்பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. செய்தித்தாளை வைத்துத் தேய்த்தாலோ கண்ணாடி துடைக்கும் நீல மருந்தை அடித்தாலோ பூச்சு கோடு கோடாக உரிந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். அப்படியும் போகாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பஞ்சை நனைத்து, அதன் பாரத்திலேயே இழுத்து எடுங்கள், அழுத்தக் கூடாது. பல்லி, கரப்பான், எறும்புப் புற்று உள்ளே இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும். போர்டின் மேல் பல்லி காய்ந்து கிடந்தால் பழுதின் காரணத்தைப் பாதி கண்டுபிடித்தாயிற்று.

டிவி உயிரே இல்லாமல் கிடந்தால் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குழாய் தெளிவாக இருந்து, உள்ளே கம்பி மட்டும் நடுவில் அறுந்து தொங்கினால், வயதாலோ வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தாலோ போயிருக்க வாய்ப்பு அதிகம். அதே ஆம்பியரில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். குழாயின் உட்புறம் வெள்ளி பூசினது போலவோ கரி படிந்தோ இருந்தால் உள்ளே நேர் ஷார்ட் இருக்கிறது. புது ஃபியூஸும் போட்ட நொடியே போகும். பெரிய ஆம்பியர் ஃபியூஸோ, செம்புக் கம்பியோ சுற்றிப் போடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதிலாக போர்டு எரியும்.

ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் வைக்கும் சீரியஸ் போர்டை நீங்களும் செய்துகொள்ளலாம். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சாக்கெட், இரண்டும் தொடரிணைப்பில். அதில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி டிவியைச் செருகினால், பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட். 100 வாட் பல்பில் இவ்வளவு பெரிய செட் முழுசாக ஓடாது, கிளிக் கிளிக் என்று அடித்து அணையும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். ஓட்டிப் பார்க்க 200 வாட் பல்பு வேண்டும்.

பவர் போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால், கீழே சொல்லியிருப்பது போல மின்சாரத்தை வடியவிட்ட பிறகு மாற்றுவது சுலபம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல், வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரி. 85 டிகிரி போட்டவை நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் நெடுநாள் நிற்பதில்லை. வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

நாமே செய்யத்தகுந்த பெரிய வேலை: கன்வர்ஜென்ஸ்

மூன்று நிறப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவதே கன்வர்ஜென்ஸ். டியூப் வகை டிவியில் அதிகம் வரும் பழுது இது தவறுவதுதான். எழுத்துகளுக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். ஒரு நிறம் மட்டும் வில் போல வளைந்து மேலேயோ கீழேயோ ஓடும். இதைப் பார்த்ததும் பலர் டியூப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். டியூபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நடுவில் இருக்கும் டியூப், பெரும்பாலும் பச்சை, திரையை நேராகப் பார்க்கிறது. மற்ற இரண்டும் இரு ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கின்றன. சாய்வாக விழும் படம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும்தான் விழும். அதை நிமிர்த்தி மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்த ஒவ்வொரு டியூபின் கழுத்திலும் தனியாகச் சுருள்கள் இருக்கின்றன. நிறத்துக்கு இரண்டு, கிடைமட்டமும் செங்குத்துமாக மொத்தம் ஆறு. அந்தச் சுருள்களுக்குக் கரண்ட் கொடுப்பவை எஸ்டிகே வரிசை ஐசிகள். எஸ்டிகே 392-110 போன்றவற்றில் ஒன்றுக்குள் மூன்று ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் ஒரு டிவியில் இரண்டு ஐசி இருக்கும். அதில் ஒரு பகுதி செத்தால், நிமிர்த்த ஆளில்லாத அந்த நிறம் தன் இயல்பான கோணலோடு திரையில் நிற்கிறது. நாம் பார்க்கும் வளைவு அதுவே.

மெனுவில் கன்வர்ஜென்ஸ் அமைப்பைத் திறந்து குறுக்குக் கட்டக் கோலத்தை வரவழையுங்கள். கோடு ஒரு சீராகக் கொஞ்சம் விலகியிருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் போதும். கோடு வளைந்திருந்தாலோ, ரிமோட்டில் எத்தனை அழுத்தியும் ஒரு நிறம் ஒரு திசையில் அசையவே மறுத்தாலோ ஐசி போயிருக்கிறது. ஆன் செய்ததும் அணைந்துவிடுகிற செட்டிலும் இந்த ஐசி ஷார்ட்டாகி சப்ளையை இழுப்பது ஒரு முக்கியக் காரணம்.

வேலையைத் தொடங்குமுன், பிளக்கைப் பிடுங்கி, பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரின் இரு காலிலும் குண்டு பல்பு ஹோல்டரின் இரு ஒயரை இன்சுலேட்டட் கிளிப்பால் மாட்டி வடியவிடுங்கள். 230 வோல்ட் லைனை நேராக்கினால் 325 வோல்ட் அதில் நிற்கும். மீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டே கை வையுங்கள். டியூபின் உச்சியில் செருகியிருக்கும் தடித்த சிவப்பு ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். அங்கே 30 ஆயிரம் வோல்ட் அளவில் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். கன்வர்ஜென்ஸ் வேலைக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஐசியை வாங்குவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள். ஒன்று முதல் பத்து ஓம் வரையிலான சின்ன மதிப்புள்ளவைதான் முதலில் எரிந்து திறந்துபோகும். மூன்று நிறத்துக்கும் ஒரே மாதிரி சர்க்யூட் என்பது நமக்குப் பெரிய வரம். சர்க்யூட் படம் கையில் இல்லாவிட்டாலும் சிவப்பில் 3.9 ஓம் காட்டும் இடத்தில் நீலத்தில் மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால், அது போயிருக்கிறது, 3.9 போட வேண்டும் என்று தெரிந்துவிடும். ரெசிஸ்டர் மாதிரியே தோற்றமுள்ள சின்னப் பச்சை ஃபியூஸ்களும் அதே போர்டில் சில செட்டில் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஐசி மட்டும் மாற்றினால், "புது ஐசி போட்டும் சரியாகவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

பழைய ஐசியை முழுசாகக் கழற்ற முயல்வதே வீட்டில் செய்பவர்கள் வழுக்கி விழும் இடம். எல்லாக் காலிலும் ஈயத்தை உருக்கி ஒரே மூச்சில் இழுக்கப் பார்ப்பார்கள். செம்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து காலோடு வந்துவிடும். ஐசி ஏற்கெனவே செத்ததுதானே? கூரான கட்டரால் ஒவ்வொரு காலையும் உடம்பை ஒட்டி வெட்டிவிடுங்கள். ஹீட்சிங்க் (ஐசியின் சூட்டை வாங்கும் உலோகத் தகடு) ஸ்குரூவைக் கழற்றினால் உடம்பு தனியாக வந்துவிடும். பிறகு போர்டில் நிற்கும் ஒவ்வொரு காலையும் சால்டரிங் அயர்ன் முனையால் தொட்டு, குறட்டால் அலுங்காமல் உருவுங்கள். துளையில் மிஞ்சும் ஈயத்தை ஃப்ளக்ஸ் தடவிய செம்புப் பின்னலால் உறிஞ்சுங்கள். 60 வாட் அயர்ன், அல்லது வெப்பக் கட்டுப்பாடு உள்ளதென்றால் 350 டிகிரி, போதும்.

ஹீட்சிங்கில் காய்ந்த வெள்ளைப் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். இந்த ஐசிகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தப் பேஸ்ட் காய்ந்து சூடு இறங்காமல் போனதே. புதுப் பேஸ்டை அடியில் இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். இட்லிக்குச் சட்னி போல வைத்தால் சூடு இறங்காது. அதன் பிறகு வரிசை முக்கியம். முதலில் ஐசியை ஹீட்சிங்கில் ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும், அப்புறமே கால்களை சால்டர் செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால் இறுக்கும்போது கால்களில் இழுவை விழுந்து சில மாதத்தில் ஈயம் விட்டுப்போகும். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டாவதும் அதே சூட்டில் அத்தனை வருஷம் வெந்ததுதான்.

எஸ்டிகே ஐசியில் போலி அதிகம். இவற்றைச் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. மதுரை டவுன் ஹால் ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலிலோ வாங்கும்போது, பழைய ஐசியைக் கையில் வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்பக்க அலுமினியத் தகட்டின் தடிமன், எடை, அச்சின் கூர்மை மூன்றையும் ஒப்பிடுங்கள். வேறு எண்ணைக் காட்டி "இதுவும் அதுவும் ஒண்ணுதாண்ணே" என்று சொன்னால் வாங்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும்.

மாற்றிய பிறகு முதல் ஓட்டம் சீரியஸ் பல்பில். பல்பு மங்கி நின்றால் நேர் லைனில் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். குளிர்ந்த செட்டில் செய்த கன்வர்ஜென்ஸ், சூடானதும் நகர்ந்துவிடும். பச்சையைத் தொடாமல் அதை அளவுகோலாக வைத்து, முதலில் சிவப்பு, பிறகு நீலம். சர்வீஸ் மெனுவுக்குள் போக நேர்ந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்த பிறகே எண்களைத் தொடுங்கள்.

டியூபுக்கு முன்னால் இருக்கும் திரவம்

வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒளிவட்டம் விழுந்தால் லென்சை எடுத்து டியூபின் முகத்தை டார்ச்சால் பாருங்கள். டியூபுக்கும் லென்சுக்கும் நடுவே சூட்டைத் தணிக்க எத்திலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம் இருக்கிறது. அதில் பூஞ்சை பிடித்தால் மேகம் போலத் தெரியும். இதையும் வீட்டில் மாற்றலாம், பொறுமை உள்ளவர்கள் மட்டும். கார் கடையில் கிடைக்கும் பச்சை, ரோஸ் நிறக் கூலன்ட் ஆகாது; அதன் நிறம் அப்படியே படத்தில் ஏறும். கெமிக்கல் கடையில் நிறமற்ற எத்திலீன் கிளைக்காலும் மருந்துக்கடைக் கிளிசரினும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது வழக்கம். வெளியே எடுத்ததை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துக்கொண்டு அதே அளவைத் திரும்ப ஊற்றுங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றாமல் மூடக் கூடாது. ஒழுகினால் நேரே அடியில் இருக்கும் போர்டில் விழும். ஏற்கெனவே ஒழுகி போர்டு பச்சைப் பாசி பிடித்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் வைத்து, கிண்ணத்தை அன்றே கழுவிவிடுங்கள்.

லேம்ப் வகை என்றால்

இதில் முதல் சந்தேகம் லேம்பின் மேல் விழ வேண்டும். ஆயுள் பொதுவாகச் சில ஆயிரம் மணி நேரம். படம் மெல்ல மங்கி, ஒரு நாள் டப் என்ற சத்தத்தோடு அணையும். மாற்றுவது இரண்டு மூன்று ஸ்குரூ வேலை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கண்ணாடியை விரலால் தொடாமல் கூண்டோடு மாற்றுங்கள். கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்தாது. புது லேம்பும் எரியாமல் நிற்கும். பழையது வெடித்திருந்தால் உள்ளே பாதரசம் இருந்ததை மறக்க வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய் அரை மணி நேரம் கழித்து வாருங்கள்.

கூண்டில்லாத மலிவு பல்பை வாங்கிப் பழைய கூண்டில் மாட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குவியம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் வெளிச்சம் ஓரத்தில் விழுந்து வீணாகும். நல்ல லேம்பைப் போட்டும் எரியவில்லை என்றால், போயிருப்பது பாலஸ்ட், அதாவது லேம்புக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு. பற்றவைக்கும் நேரத்தில் அது பல ஆயிரம் வோல்ட் அடிக்கும். மல்டிமீட்டரைக் கொண்டு அளக்கப் போனால் மீட்டரும் போகும், கையும் போகும்.

டிஎல்பியில் அரைவை இயந்திரம் போல இரைச்சல் வந்தால், போயிருப்பது கலர் வீல் (வெளிச்சத்துக்கு நிறம் கொடுக்கச் சுழலும் சக்கரம்) பேரிங். கைப்பக்குவம் உள்ளவர் மாற்றலாம். திரையெங்கும் மல்லிகை சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள் பெருகினால், படத்தை உருவாக்கும் டிஎம்டி சிப்பின் நுண்கண்ணாடிகள் ஒட்டிக்கொண்டன. எல்சிடி வகையில் மஞ்சள், நீலக் கறைகள் திட்டாகப் படிந்தால் போலரைசர் என்ற ஒளி வடிகட்டித் தகடு வெந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி, கறை இந்த இரண்டில் எது வந்தாலும் கழித்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்போது, எப்படி

எல்ஓடி (ஹைவோல்டேஜ் உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), ஹைவோல்டேஜ் பிரிப்பான், டியூபின் கழுத்து போர்டு, ஒரே நிறம் மட்டும் ஃபோகஸ் இழப்பது, உள்ளே வறுபடும் சத்தம், ஓசோன் வாசம்: இவை எல்லாம் வீட்டு வேலை அல்ல. இவற்றுக்குப் பழைய டியூப் டிவியில் கை தேர்ந்த மெக்கானிக்கே வேண்டும். எல்இடி மட்டும் பார்த்துப் பழகிய இளைஞரைவிட, கலர் டிவி காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் இதற்குச் சரி.

செட்டையே குட்டியானையில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவதை முடிந்தவரை தவிருங்கள். கிராமத்துச் சாலையின் குலுக்கலில் கண்ணாடி அசையும், கன்வர்ஜென்ஸ் நகரும், நன்றாக இருந்த திரவ வளையம் ஒழுகத் தொடங்கும். எங்கள் கணிப்பில் பலருக்குப் பொருந்துவது இரண்டுக்கும் நடுவே உள்ள வழி. பழுது கன்வர்ஜென்ஸ் என்று தெரிந்துவிட்டது, சால்டரிங்கில் கை பழகவில்லை என்றால், போர்டை மட்டும் நீங்கள் கழற்றுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டையும் படமெடுத்து, ஜோடி ஜோடியாக நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, போர்டைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோங்கள். ஐசி, ரெசிஸ்டர் மாற்றும் வேலைக்கு மட்டும் கூலி. "பழைய ஐசியைத் திருப்பிக் கொடுத்துருங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றியது உண்மைதானா என்று பார்க்க அதுவே வழி.

புது டிவியோடு நிறுத்துப் பார்த்தால்

கரண்ட் கணக்கில் புதியதே ஜெயிக்கும். டியூப் வகை 200 வாட் சுமார் எடுக்கும். 43 இஞ்ச் எல்இடி 80 வாட் என்று வைத்தால் வித்தியாசம் 120 வாட். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். இலவச யூனிட்டுக்குள் அடங்கிப் பார்க்கும் சிறு குடும்பத்துக்கு இது பெரிய அளவு. ஊர் மன்றத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இணைப்பும் ஒரு விஷயம். பழைய டியூப் செட் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் மட்டும்தான். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டியை மாட்ட, அதை ஏவியாக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். வாங்கினாலும் எச்டி தெளிவு வராது. கிரிக்கெட் ஸ்கோர் எழுத்தைப் பார்க்கவே டிவி என்றால் பழுதுபார்த்த செட் ஏமாற்றும். அதேசமயம் சாயங்கால நேரத்தில் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் எந்த டிவிக்கும் ஸ்டெபிலைசர் வைப்பது உங்கள் வழக்கம் என்றால், அந்தச் செலவை இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள்.

நாங்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது. பாகமும் கூலியும் சேர்த்துப் புது டிவி விலையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் செய்ய வேண்டாம். தூசி, கெப்பாசிட்டர், கன்வர்ஜென்ஸ், லேம்ப் இவற்றோடு முடிந்தால் செய்யுங்கள். டியூபில் சேனல் லோகோ நிரந்தரமாகப் பதிந்திருந்தால் மற்றது எல்லாம் நன்றாக இருந்தாலும் செலவு செய்யாதீர்கள்.

கழிப்பதென்று முடிவானால் டியூபை உடைத்து செம்பு எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே போக வேண்டும். புது டிவி வாங்கும் கடையில் எக்சேஞ்சுக்கு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். திரையைக் கழற்றி வைக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. அதன் உள்தகடு வட்ட வட்டமாக வரி ஓடிய பெரிய குவி லென்ஸ். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சாய்த்து வைத்தால் மதுரை வெயிலை ஒரு புள்ளியில் குவித்து, எதிரே இருக்கும் ஓலையையோ துணியையோ நிமிஷத்தில் பற்றவைத்துவிடும். கழற்றிய உடனே போர்வையில் சுற்றி நிழலில் வையுங்கள்.